பேன் அமெரிக்கன் கேம்ஸ் பவுலிங், நாடுகள் எப்படி குவாலிஃபை ஆகுறாங்க?

எல்லாருக்கும் வணக்கம், பவுலிங் ஃபாலோ பண்றவங்க யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ். கிரிக்கெட் பவுலிங் இல்ல, பந்தை உருட்டி பத்து பின்னைச் சாய்க்கிற டென்பின் பவுலிங். 1991 ஹவானாவுல இருந்து இது பேன் அமெரிக்கன் கேம்ஸ்ல (அமெரிக்கக் கண்டங்கள்ல இருக்கிற நாடுகள் ஆடுற பெரிய விளையாட்டுப் போட்டி) இருக்கு, ஒலிம்பிக்ஸ்லயோ 1988 சியோல்ல ஒரு தடவை டெமோவா ஆடினதோட சரி, அதனால அந்தப் பக்கத்து பிளேயர்ஸுக்கு இந்த மேடை எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க. நான் புரிஞ்சுக்கிட்டது, கண்டத்து சாம்பியன்ஷிப் மாதிரி போட்டிகள்ல நல்லா ஆடுற நாட்டுக்கு இடம் கிடைக்கும், அந்த இடம் ஜெயிச்சுக் குடுத்த ஆளோட பேர்ல இல்ல, நாட்டோட ஒலிம்பிக் கமிட்டி பேர்ல வரும், அப்புறம் யார் போறதுன்னு உள்ள செலக்‌ஷன் வெச்சு முடிவு பண்ணுவாங்க. 2019 லிமாவுல சிங்கிள்ஸ், டபுள்ஸ் ரெண்டுதான் இருந்துச்சு, அதனால டபுள்ஸ் ஜோடி சரியா அமையுறது ரொம்ப முக்கியம்னு எனக்குத் தோணுது.

என் கேள்வி இதான். கஷ்டப்பட்டு இடம் வாங்கிக் குடுத்த பிளேயரே செலக்‌ஷன்ல வெளிய போயிட்டா அது நியாயமா? அதுவும் குவாலிஃபையிங் ஒரு ஆயில் பேட்டர்ன்ல (பந்து உருளுற லேன்ல எண்ணெய் பூசியிருக்கிற விதம்), செலக்‌ஷன் வேற பேட்டர்ன்ல நடந்தா பந்து வளையுற விதமே மாறிடுமே! நேஷனல் டீம் செலக்‌ஷன் ஆடினவங்க, கோச்சா இருந்தவங்க யாராவது இருந்தா, எத்தனை கேம் சராசரி பாக்குறாங்க, பழைய ரிசல்ட்டுக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.