'நோ டயல்டோன்', 'நோ கேரியர்': மோடம் செய்திகளுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம்.

கேபிபிபி (தொலைபேசி லைன் வழியே மோடத்தால் இணையத்தில் இணைக்கும் லினக்ஸ் நிரல்) தமிழாக்க வரைவில் 'நோ டயல்டோன்', 'நோ கேரியர்' இரண்டுக்கும் "இணைப்பு கிடைக்கவில்லை" என்றே போட்டிருக்கிறது. இது வேண்டாம். பழுது எந்தப் பக்கம் என்று சொல்ல மோடத்திடம் இருப்பது இந்த இரண்டு வரிகள்தாம்.

முதல் செய்தி வந்தால், டயல் டோன் (ரிசீவரை எடுத்ததும் கேட்கும் ஒலி) மோடத்துக்குக் கிடைக்கவில்லை; எண்ணே இன்னும் போகவில்லை. பழுது மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில். சுவரிலிருந்து வரும் வயர் 'லைன்' துளையில் இருக்கிறதா, தவறிப் 'போன்' துளையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே வயரைச் சாதாரணத் தொலைபேசியில் மாட்டி ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு அறையில் பேரலல் போனின் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம்: லைன் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசி, எடுத்ததும் 6 முதல் 12 வோல்ட். மோடம் டயல் செய்யும்போதும் 48 இறங்கவில்லை என்றால் மோடம் லைனை எடுக்கவே இல்லை. ரிலேயோ லைன் பக்கத்து வேறு பாகமோ போய்விட்டது. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஆவது சகஜம். டெர்மினலில் 'ஏடி' (மோடத்தைக் கூப்பிடும் கட்டளை) என்று தட்டினால் 'ஓகே' வரும், ஆனால் லைன் பக்கம் செத்திருக்கும். அந்த 'ஓகே'யை நம்பி டிரைவரை மறுபடி மறுபடி நிறுவுவது வீண்.

இரண்டாம் செய்தி வந்தால் எண் போய்விட்டது; எதிர்முனை மோடத்தின் கேரியர், அதாவது தகவலைச் சுமந்து வரும் அலை, எஸ்7 பதிவேட்டில் (மோடம் தன் அமைப்பு எண்களை வைத்திருக்கும் இடங்களில் ஒன்று) குறித்த நொடிகளுக்குள் பிடிபடவில்லை.

என் முன்மொழிவு: "ஆயத்த ஒலி இல்லை", "ஊர்தி அலை இல்லை". எண்ணை வாங்கிக்கொள்ள எக்ஸ்சேஞ்ச் தயார் என்பதுதானே அந்த ஒலியின் பொருள்.

* * *

> "ஆயத்த ஒலி இல்லை"

அண்ணா, பொருள் சரி. ஆனால் யாருக்கும் புரியாது. பழுது பார்க்க வருபவரும் "டயல் டோன் வருதா?" என்றுதான் கேட்பார். "டயல் ஒலி" போதும். "அழைப்பொலி" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அது மணி அடிப்பதாகிவிடும்.

எனக்கு உறுத்துவது "இல்லை". நம் டயல் ஒலி 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸ் அதிர்வோடு வருவது. அமெரிக்காவில் 350-உம் 440-உம் சேர்ந்த ஒலி. நாடு அமெரிக்கா என்று அமைக்கப்பட்ட மோடம் நம் ஒலியைக் கேட்டும் அடையாளம் காணாமல் இதே செய்தியைத் தரலாம். தொலைபேசியில் ஒலி நன்றாகக் கேட்கும்போது திரையில் "இல்லை" என்றால் ஆள் குழம்பிப் போவார். "டயல் ஒலி கேட்கவில்லை" என்றால் கேட்காதது மோடத்துக்கு என்று புரியும். தீர்வு ஏடிஎக்ஸ்3 என்ற மோடம் கட்டளை: ஒலிக்குக் காத்திராமல், எஸ்6 பதிவேட்டில் உள்ள நொடிகள் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு டயல் செய்யும். கேபிபிபியில் "டயல் ஒலிக்குக் காத்திரு" என்ற தேர்வை எடுத்துவிட்டாலும் இதுவே நடக்கும்.

* * *

இலங்கைப் பாடநூல்களில் ஏற்றக் காவி (சார்ஜ் கேரியர்) என்று படித்துப் பழகியவர்களுக்கு 'காவி அலை'தான் உடனே விளங்கும். காவுவது (சுமப்பது) என்பது எங்களுக்கு அன்றாடப் பேச்சு. 'ஊர்தி' என்றால் வாகனம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

* * *

> "டயல் ஒலி கேட்கவில்லை"

தம்பி சொன்னது சரி, ஆயத்த ஒலியை விட்டுவிடுகிறேன். 'காவி' நல்ல சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் அது நிறமாகிவிடும். இங்கே பாடநூலிலும் ஊர்தி அலைதான். செய்தியில் ஊர்தி அலை இருக்கட்டும், உதவிப் பக்கத்தில் 'காவி அலை' என்றும் சேர்த்து எழுதுவோம்.

ஆனால் 'நோ கேரியர்' செய்தியில் "இல்லை" என்ற வினையை மாற்றக் கூடாது. "ஊர்தி அலை கிடைக்கவில்லை" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். பாதிதான் சரி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு நடுவில் அறுந்தாலும் மோடம் இதே 'நோ கேரியர்'தான் சொல்கிறது. கால் வெயிட்டிங் பீப் குறுக்கிட்டு அறுப்பது இந்த வகை. அலை போன பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து இணைப்பை அறுப்பது என்பது எஸ்10 பதிவேட்டில் இருக்கிறது; அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல மோடங்களில் வரும்போது 14, அதாவது 1.4 நொடி. 50 ஆக்கினால் பீப்பைத் தாங்கும். கிடைத்துப் பிறகு போனதற்கும், கிடைக்காமலே போனதற்கும் "இல்லை" பொருந்தும்.

மோடம் எதுவுமே சொல்லாத நிலைக்கு "மோடம் பதில் தரவில்லை" என்று தனியாக வைப்போம். அங்கே லைனைத் தொட வேண்டிய வேலையே இல்லை. மோடம் மாட்டிய காம்1 போர்ட்டுக்குப் பதில் காம்2 தேர்ந்திருக்கலாம், வெளி மோடத்தின் அடாப்டர் போயிருக்கலாம், அல்லது உள்ளே செருகியது லினக்ஸ் டிரைவர் இல்லாத வின்மோடமாக (தன் வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் டிரைவரிடம் விடும் மோடம்) இருக்கலாம்.

'பிஸி'க்கு "எண் பயன்பாட்டில் உள்ளது". மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கோப்பை ஞாயிறு இரவு ஏற்றுகிறேன்.