அய்யனார் கோயில் காட்டில் இரண்டு கண்கள்

பள்ளத்தூர் பக்கம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் ராத்திரியானால் முனி நடமாடும் என்று அப்பத்தா சொல்லும். போன வாரம் கருவேல மரத்தில் இரண்டு சிவந்த கண்கள், அசையவே இல்லை. கூடவே மெல்லிய சீழ்க்கை. கை நடுங்கிவிட்டது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பதில்: தேவாங்காக இருக்கும் அண்ணே. டார்ச் அடித்தால் கண் தணல் மாதிரி தெரியும். வால் கிடையாது, கிளையை இறுகப் பிடித்து மெதுவாக நகரும். பூச்சிதான் சாப்பாடு.

பதில்: கல் மட்டும் எறியாதீர்கள். மாந்திரீகம், மருந்து என்று நம்பியே நிறையக் கொன்றுவிட்டார்கள். கரூர் மாவட்டம் கடவூரில் 2022-இல் தேவாங்குக்கென்றே 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள்.

கேட்டவர்: சரி, அப்பத்தாவிடம் சொன்னேன். "முனி வளர்க்கிற பிள்ளையா இருக்கும், விட்டுடுப்பா" என்றது.