மறுமொழி: "ஒப்புமைத் தடத்தில் ஒலிசார் எண்ணிம இழுபொறி" – வேறு சொல் கிடைக்குமா?

குழுவினருக்கு வணக்கம்.

அனலாக் தடத்தில் சத்தம் போடுகிற டிஜிட்டல் மாதிரி ரயில் எஞ்சினை ஓட்டுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் நேற்றிலிருந்து வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். என் வீட்டில் இப்படிப்பட்ட எஞ்சின் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டுகிற பழைய வட்டத் தடமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒப்புமைத் தடத்தில் ஒலிசார் எண்ணிம இழுபொறியை இயக்குதல்

ஐயா, இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதிரி ரயில் ஓட்டுகிறவரிடம் இதைப் படித்துக் காட்டினால் தலையைச் சொறிவார். ஒப்புமை என்றால் எதற்கு எது ஒப்பு? அந்தத் தடத்துக்கு 'அனலாக்' என்ற பெயரே டிஜிட்டல் வந்த பிறகு ஒட்டிக்கொண்டதுதான், அதுவரை அது வெறும் ரயில் செட். ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் பேச்சில் டிசி (டைரக்ட் கரண்ட்), டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) என்று இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள். நாமும் ஆங்கில அகராதிச் சொல்லை விட்டுவிட்டு, தண்டவாளத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தால் என்ன?

டிசி தடத்தில் ஓடுவது வெறும் நேர்மின்சாரம், சுமார் 0 முதல் 12 வோல்ட் வரை. குமிழைத் திருகினால் வோல்ட் ஏறும், வேகம் ஏறும்; துருவத்தை மாற்றினால் எஞ்சின் பின்னால் போகும். அவ்வளவுதான் சங்கதி. டிசிசியில் அப்படியில்லை. எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் தடத்தில் எப்போதும் சுமார் 14, 15 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறிக்கொண்டும் இருக்கும். பாதி அலை 58 மைக்ரோநொடி நீடித்தால் அது 1, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0. '3-ஆம் எண் எஞ்சினே, விசில் ஊது' என்ற கட்டளை இப்படித்தான் மின்சாரத்தோடு சேர்ந்தே போய்ச் சேருகிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைத் தரமாக ஏற்றது. டிசிசி என்ற பெயரிலேயே நடுவில் 'கட்டளை' இருக்கிறது, மொழிபெயர்க்கும்போது நாம்தான் அதை விட்டுவிட்டு 'எண்ணிம'த்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

ஆகவே என் பரிந்துரை: நேர்மின் தடம், கட்டளைத் தடம். விவாதப் பொருளான அந்த நீண்ட தொடர் 'நேர்மின் தடத்தில் கட்டளை எஞ்சின்' என்று சுருங்கிவிடும். 'ஒலிசார்' வேண்டாம், சத்தம் போடுகிற எஞ்சினை ஒலி எஞ்சின் என்றாலே போதும். எஞ்சினை இழுபொறி ஆக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை, அதை ஏற்றால் அடுத்து டிராக்டருக்கு என்ன வைப்பீர்கள்?

> இரண்டிலும் ஓடுவது: இருமுறை எஞ்சின் / இருமின் எஞ்சின்

'இருமுறை எஞ்சின்' என்றால் எஞ்சின் இரண்டு தடவை என்றல்லவா காதில் விழுகிறது! 'இருமின்' நல்ல சொல், ஆனால் அது நிஜ ரயிலுக்கு வேண்டியிருக்கிறது. மும்பைப் பக்கம் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்திலும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்திலும் ஓடிய டபிள்யூ.சி.ஏ.எம் வகை எஞ்சின்கள்தான் அசல் இருமின் எஞ்சின்கள், அவற்றின் பெயரை நாம் பறிக்க வேண்டாம். நான் 'இருதட எஞ்சின்' என்பேன். இரட்டைப் பாதையோடு குழம்பாதா என்று அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். யாரும் அதை இருதடம் என்று சொல்வதில்லை, இரட்டைப் பாதை என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். எனக்கு உண்மையில் சொல் இல்லாமல் திண்டாட்டமாக இருப்பது வேறோர் இடத்தில். என் பழைய எஞ்சினுக்கு 3 வோல்ட் வந்தால் போதும், மெல்ல ஊர ஆரம்பித்துவிடும். ஒலி எஞ்சினை அதே தடத்தில் வைத்துக் குமிழைத் திருகினால் 3-இல் ஒன்றும் நடக்காது, 4-லும் நடக்காது, கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கும்போது 5 வோல்ட்டை ஒட்டி உள்ளே இருக்கிற குறிவிலக்கி (டிகோடர், கட்டளையைப் படித்து எஞ்சினை இயக்குகிற சின்ன மின்சுற்று) கண் விழிக்கும். ஸ்பீக்கரில் ஒரு சின்ன 'டக்', பிறகு நீராவி சீறுகிற சத்தம், காற்றுப் பம்பின் தடதடப்பு, விளக்கு எரிகிறது. ஆனால் சக்கரம் அசையாது. இன்னும் திருக வேண்டும். 7 வோல்ட் பக்கம் வந்த பிறகுதான் முதல் 'குப்', அப்புறம் சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு 'குப்' என்று கிளம்பும்.

இந்த 5-க்கும் 7-க்கும் இடையில் உள்ள சின்ன இடம்தான் நேர்மின் தடத்தில் ஒலி எஞ்சின் ஓட்டுகிறவரின் பாடு. ஸ்டேஷனில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க வைக்க வேண்டுமானால் குமிழ் அந்த இடுக்கிலேயே நிற்க வேண்டும், ஒரு நூல் கீழே போனால் சத்தம் பட்டென்று செத்துவிடும், நின்ற எஞ்சின் பொம்மையாகிவிடும். பழைய எஞ்சினோடு சேர்த்துக் கட்டி இரட்டை எஞ்சின் வண்டி ஓட்டலாம் என்று ஒருநாள் முயன்றேன். ஒலி எஞ்சின் விழிப்பதற்கு முன்பே பழையது அதை முட்டித் தள்ள ஆரம்பித்துவிட்டது.

இதற்கு நான் வைத்திருக்கிற சொற்கள் (அழுத்தம் என்பது இங்கே மின்னழுத்தம், அதாவது வோல்ட்): சத்தம் எழும் அளவு விழிப்பழுத்தம், நகரும் அளவு நகர்வழுத்தம். இதைச் சுற்றி வளைத்து இரண்டு வாக்கியத்தில் எழுதாமல் நாம் ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

இன்னொன்று. குறிவிலக்கியில் 29-ஆம் சிவி (கான்ஃபிகரேஷன் வேரியபிள்) என்று ஓர் அமைப்பெண் உண்டு, அதில் 4 சேர்ந்திருந்தால்தான் எஞ்சின் நேர்மின் தடத்தை ஏற்கும். பல எஞ்சின்கள் 6 என்ற மதிப்போடு வருகின்றன, அதாவது 4-ம் 2-ம். கட்டளைத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர்கள் சிலர் வேண்டுமென்றே அந்த 4-ஐ எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அலையில் ஏதாவது தடுமாற்றம் வந்தால் எஞ்சின் 'நேர்மின் தடத்துக்கு வந்துவிட்டோம்' என்று தப்பாக எண்ணித் தறிகெட்டு ஓடும். அப்படி எடுத்த எஞ்சினைப் பழையதாக வாங்கி வந்து நேர்மின் தடத்தில் வைத்தால் 12 வோல்ட் கொடுத்தாலும் கட்டையாகக் கிடக்கும். நான் வாங்கியதும் அப்படித்தான், விற்றவரை ஒரு வாரம் மனசுக்குள் திட்டினேன். இந்த ஏற்பாட்டுக்கு 'நேர்மின் இசைவு' என்று சொல்லலாமா? இசைவு உள்ளது, இசைவு நீக்கியது என்று சொல்ல வசதியாக இருக்கிறது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்கள் சுமை இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். மேலே 12 என்று எழுதியிருந்த என்னுடையதில் 19 காட்டியது. குறிவிலக்கி புகைந்தால் சொல் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

---

தம்பி,

கட்டளைத் தடம் அருமை, நானும் அதற்கே கை தூக்குகிறேன். விழிப்பழுத்தத்தில்தான் எனக்கு ஒரு தடங்கல். நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசும்போது அழுத்தம் என்றால் கொதிகலன் அழுத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'விழிப்பழுத்தம் வந்ததும் எஞ்சின் சீறியது' என்று எழுதிப் பாருங்கள், வாசிப்பவர் நிலக்கரி போட்டதாகத்தான் நினைப்பார். இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வோல்ற்றளவு என்று படித்தோம், அதை யோசிக்கலாம். நேர்மின் இசைவு நன்று.

---

அம்மா, வசமாகப் பிடித்துவிட்டீர்கள், எனக்கு இது தோன்றவே இல்லை. வோல்ற்றளவைச் சேர்த்தால் 'விழிப்பு வோல்ற்றளவு' என்று நீண்டுவிடுகிறது, அதனால் 'விழிப்பு வோல்ட்', 'நகர்வு வோல்ட்' என்று வைத்துக்கொள்வோமா? வோல்ட் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது, அதைத் தமிழாக்க யாரும் வர மாட்டார்கள். பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: 'இந்த இருதட எஞ்சினின் விழிப்பு வோல்ட் 5, நகர்வு வோல்ட் 7, நேர்மின் இசைவு உள்ளது.' நேற்று இரவு பக்கத்து வீட்டுப் பையனிடம் இதைப் படித்துக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் குமிழை 5-இல் கொண்டுபோய் நிறுத்தினான்.

சிவி-க்கு 'அமைப்பெண்' என்று மேலே போகிற போக்கில் எழுதிவிட்டேன், 'அமைவு மாறி' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.