தெருவில் கேட் போட்டுவிட்டார்கள், கடற்கரைக்கு எப்படிப் போவது?

மலர்விழி:
சென்னையில் ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேற்கே, நீலாங்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு மூட்டுவலி. சாயங்காலம் மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் அவருக்கு மனசு லேசாகும். எதிரே உள்ள குறுக்குத் தெரு வழியாகத்தான் கடலுக்குப் போவோம். இப்போது அந்தத் தெருவின் தொடக்கத்திலேயே இரும்புக் கேட் போட்டு, செக்யூரிட்டி வைத்திருக்கிறார்கள். "எந்த வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்கிறார். கடலுக்கு என்றால், வெளியாட்களை விடக்கூடாது என்று அசோசியேஷன் உத்தரவாம். திரும்பி வரும்போது மாமியார், "நாம என்ன திருடவா வந்தோம்?" என்றார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தெருவில் மாநகராட்சிப் பெயர்ப்பலகை இருக்கிறது. விளக்கும் மாநகராட்சியுடையதுதான். அங்கே கேட் போட இவர்களுக்கு உரிமை உண்டா? யாரிடம் கேட்பது?

பழைய வரைவாளர்:
அம்மா, முதலில் பெயர்ப்பலகை, விளக்குக் கம்பம், கேட் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். கம்ப எண் படிக்க முடிய வேண்டும்.

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். மனைப்பிரிவுக்கு (லேஅவுட்) அங்கீகாரம் வாங்கும்போது, உள்ளே வரும் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது பொதுத் தெரு. அங்கே மனை வாங்கியவருக்கு நடக்க எவ்வளவு உரிமையோ, வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கும் அவ்வளவு உண்டு. பொதுத் தெருவில் கேட் ஆக்கிரமிப்புதான்.

சிக்கல் ஆவணத்தில்தான் வரும். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எல்லாம் 2011 வரை காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சிகள். அப்புறம்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. பழைய தானப் பத்திரம் ஊராட்சி பெயரில் இருக்கும். மண்டல அலுவலகத்தில் "கோப்பு இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தச் சர்வே எண்ணுக்கு அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைச் சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கேளுங்கள். அதே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள், தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

வரைபடம் கைக்கு வந்ததும் தெரு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கடற்கரைப் புறம்போக்கு வரை கோடு போகிறதென்றால் உங்கள் பக்கம் வலுவானது. கடைசி மனையில் முட்டி நிற்கிறதென்றால் கேட்டை எடுத்தாலும் கடலுக்கு வழி கிடைக்காது, அடுத்த தெருவைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் பற்றியும் சொல்கிறேன். இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு வெறும் அறங்காவலர்தான், பயனாளி பொதுமக்கள் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுவழிக்கு 20 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. அது ரிசார்ட்டுக்கான விதி, உங்கள் தெரு வீடுகளுக்கு நேராகப் பொருந்தாது. ஆகவே மாநகராட்சிக்கு எழுதும் மனுவில் அதைப் பெரிதாக்காதீர்கள். "பொதுத் தெருவில் தடுப்பு, அகற்றுங்கள்" என்பதே போதும்.

ராத்திரியில் குடிக்க வருகிறார்கள், பாட்டில் உடைக்கிறார்கள் என்று அசோசியேஷன் சொல்லும். அந்தத் தொந்தரவு உண்மைதான். அதைப் பார்க்கப் போலீஸ் ரோந்து இருக்கிறது. அதற்காக ஒரு வயதான அம்மாவை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை.

கடலோரக் கதிர்:
அக்கா, நான் பக்கத்து மீனவர் குப்பம். மனுவில் காற்று வாங்கப் போவதை மட்டும் எழுதாதீர்கள். ஐஸ் பெட்டி வைத்த வண்டி, மீன் கூடையோடு வரும் பெண்கள் எல்லாருக்கும் இந்தத் தெருக்கள்தான் வழி. தையிலிருந்து பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர்களும் கரையில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. "பீச்சை அழகாக்கித் தாருங்கள்" என்று தயவுசெய்து சேர்த்து எழுதாதீர்கள். 1985ல் மெரினாவை அழகாக்கக் கட்டுமரத்தையும் வலையையும் அகற்றப் போய், துப்பாக்கிச் சூடு வரை நடந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். வழியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

சக்கர நாற்காலி வாசகி:
மெரினாவில் விவேகானந்தர் இல்லம் எதிரே 2022 நவம்பரில் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்தது, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அலையைப் பக்கத்தில் பார்க்க நான் அங்கேதான் போகிறேன். உங்கள் தெருவில், பெரிய கேட்டைப் பூட்டிவிட்டு ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற வழி விடுகிறோம் என்று சமாதானம் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். என் நாற்காலி அதில் நுழையாது, உங்கள் மாமியாருக்கு நாளைக்கு வாக்கர் வந்தால் அதுவும் நுழையாது.

மலர்விழி:
எல்லாருக்கும் நன்றி. கதிர் சொன்னதை அப்படியே சேர்க்கிறேன். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு அம்மா, எனக்கும் இது பிடிக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அது உதவுமா?

பழைய வரைவாளர்:
நிறைய உதவும், முதல் கையெழுத்தே அவருடையதாக இருக்கட்டும். அவருடைய கிரயப் பத்திரத்தில் சக்குபந்தியை, அதாவது எல்லை விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எல்லையில் ஒன்றாக அந்தத் தெருவைப் "பொதுச் சாலை" என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணையுங்கள். சர்வே எண்ணும் அதிலேயே இருக்கும்.