நோன்பு அதிரசம்: முதல் தடவை எண்ணெயில் பிரிந்தது, இரண்டாம் தடவை வந்தது

என் பிறந்த வீடு திருநெல்வேலிப் பக்கம். தீபாவளிக்கு முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் செய்வோம், ஆனால் கேதார கௌரி நோன்பு எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாணமாகி வந்த இடம் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே தீபாவளியைவிட நோன்புதான் பெரிசு. அமாவாசை இருக்கும் நேரம் பார்த்து 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, மஞ்சள், நோன்புக் கயிறு எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். மற்றது எதை வெளியில் வாங்கினாலும் அதிரசத்தை மட்டும் வாங்கிப் படைக்கக் கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருப்பார்.

போன தீபாவளிக்கு முன்னால் அத்தைக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் முதல் முறையாக நான் தனியாக இறங்கினேன். வேலைக்குப் போய்வரும் அவசரத்தில், அவரிடம் கேட்காமலேயே கடையில் பாக்கெட் பச்சரிசி மாவு வாங்கிப் பாகில் கொட்டிக் கிளறி வைத்துவிட்டேன். மறுநாள் அத்தை "ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரும்மா" என்றார். போட்டேன். எண்ணெயில் விழுந்த நொடியே ஓரம் கரைய ஆரம்பித்து, சல்லடையால் அள்ளுவதற்குள் மொத்தமும் பிரிந்து அடியில் மணல் மாதிரி தங்கிவிட்டது. நோன்புக்கு இன்னும் மூன்றே நாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை திட்டவே இல்லை. "கடை மாவா? சரி, அரிசியை ஊறப் போடு" என்றார், அவ்வளவுதான்.

ஒரு கிலோ மாவு பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, நிழலில் வேட்டித் துணியில் பரப்பினோம். எவ்வளவு காய வேண்டும் என்று கேட்டால் மணிக்கணக்கு சொல்ல மாட்டார். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், அரிசி கையில் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடேயே மில்லுக்கு ஓட வேண்டும். போனதும் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு முன்னால் என்ன அரைத்தீர்கள் என்பதுதான். மிளகாய்த்தூளுக்குப் பின்னால் நம் அரிசி போனால் அந்த வருஷ அதிரசம் காரமாகத்தான் இருக்கும். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும், கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும். பாகை வாங்கிக்கொள்வது இந்த ஈர மாவுதான், பாக்கெட்டில் வரும் காய்ந்த மாவால் அது முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது பாகு. முக்கால் கிலோ பாகு வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தட்டில் தண்ணீர் வைத்து அடிக்கடி ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். முதலில் கரைந்து ஓடியது. அப்புறம் அடியில் பசை மாதிரி தங்கியது, ஆனால் திரட்ட வரவில்லை. அதற்கப்புறம் விரலால் ஒதுக்கினால் மெத்தென்று உருண்டு வந்தது, அழுத்தினால் நசுங்கியது. "இதுதான், இறக்கு இறக்கு" என்று அவசரப்படுத்தினார். உருண்டையைத் தட்டில் போட்டால் டக்கென்று சத்தம் வருகிற அளவுக்கு விட்டுவிட்டால் அது கடலை உருண்டைக்கான பாகு, அதிரசம் கல்லாகிவிடும். கையை நனைத்து நானே உருட்டிப் பார்த்ததில் தெரிந்தது எனக்கு எந்த வீடியோவிலும் கிடைக்கவில்லை.

ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினேன். எல்லா மாவையும் கொட்டிவிடாமல் ஒரு கைப்பிடி நிறுத்திக்கொள்ளுங்கள். கிளறி முடிக்கும்போது சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்கிறதே என்று பயந்தேன், ஆறினால் தானாக இறுகும் என்றார், இறுகியது. மேலே நெய் தடவி, வாயில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு நாள் வைத்தோம்.

நோன்பன்று காலை வாழையிலையில் நெய் தொட்டுக் கொஞ்சம் கனமாகவே தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் அதிரசம் உள்ளே போய், ஒரு மூச்சு நேரம் கழித்து உப்பி மேலே வந்தது. அத்தை கண்ணில் தண்ணீர். இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்து, 21 எண்ணித் தனியாக மூடி வைத்தோம். படைக்கும் வரை பிள்ளைகள் யாரும் தொடவில்லை.

பக்கத்து வீட்டு நெல்லூர்க்கார அக்காவுக்குக் கொடுத்தபோது, அவர்கள் ஊரில் இதுதான் அரிசெலு, சங்கராந்திக்குச் செய்வோம், மாவை நாள் கணக்கில் வைக்காமல் உடனே சுட்டுவிடுவோம் என்றார். பொங்கலுக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தார், இன்னும் மெல்லிசு, மேலெல்லாம் எள். எனக்கு இரண்டும் பிடித்தது, ஆனால் இரண்டு நாள் வைத்த மாவின் ருசி வேறு.

அந்தப் பிரிந்துபோன முதல் மாவை அத்தை கொட்ட விடவில்லை. கோதுமை மாவும் ஒரு வாழைப்பழமும் சேர்த்துக் கரைத்து, குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினோம். பிள்ளைகள் அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள்.