பழைய லேத் வாங்கி வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவருவது: ஆலோசனை தேவை

கேள்வி: பவானிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் பவானியில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். ஆனால் பிழைப்பு வேறு பக்கம் போய்விட்டது. பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டின் பின்புறம் பத்துக்குப் பதினான்கு அடியில் ஒரு சிறு பட்டறை கட்டி முடித்துவிட்டேன். அதில் என் மனநிறைவுக்காக மீண்டும் கடைசல் வேலை செய்ய வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

கோவை கணபதியில் மூடவிருக்கும் ஒரு பட்டறையில் நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆல் கியர் ஹெட் ஸ்டாக் (வேகம் மாற்றும் கியர்கள் உள்ள தலைப்பகுதி), 2 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், மூன்று தாடைச் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பிடி), நான்கு தாடைச் சக் ஆகியவற்றோடு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். எடை சுமார் 900 கிலோ இருக்கும் என்று சொல்கிறார்கள். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது முதல் கேள்வி. எங்கள் வீட்டுச் சந்து ஆறடி அகலம்தான். பெரிய சாலையிலிருந்து அறுபது அடி தூரம் லேசான ஏற்றமாக வந்து, கேட்டருகே இரண்டு படிகளில் முடிகிறது. கிரேன் உள்ளே வரவே முடியாது என்பதால் எப்படிக் கொண்டுவருவது என்பது இரண்டாவது கேள்வி. வீட்டில் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் மட்டுமே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: பட்டறைப் பெரியவர்

தம்பி, கோவையில் நாற்பது ஆண்டுகளாக ஜாப் வொர்க் செய்து வருகிறேன். பழைய லேத்தைப் பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். விற்பனைக்கு என்று நினைத்ததுமே முதலில் செய்வது பெயின்ட் அடிப்பதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது பெட், அதாவது இயந்திரத்தின் நீளமான அடித்தண்டவாளம்.

சக்குக்குப் பக்கத்தில் உள்ள ஓரடி நீளத்தில்தான் சேடில் (வெட்டும் உளியைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பகுதி) தன் வாழ்நாள் முழுவதும் ஓடியிருக்கும். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சேடில் உராயும் இடத்துக்கும் உராயாத இடத்துக்கும் நடுவே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அங்கே தேய்மானத்தால் ஒரு படி விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, சக் பக்கத்தில் சேடில் லாக்கை லேசாக உரசும் அளவுக்கு மட்டும் இறுக்கிக்கொண்டு, கை வீலால் டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் தண்டைத் தாங்கும் பகுதி) பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால், தேய்மானம் எவ்வளவு என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். பெட்டைக் கிரைண்டிங் செய்து மீட்கலாம்தான். ஆனால் பெட் கிரைண்டிங்கோடு வேலை முடியாது. சேடிலைச் சுரண்டிப் பொருத்த வேண்டும், சேடில் இறங்கிய அளவுக்கு, அதைத் தானாக நகர்த்தும் நீண்ட தண்டுகளான லீட் ஸ்க்ரூவையும் ஃபீட் ராடையும் இறக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டு) சோதிக்க ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) எடுத்துப் போங்கள். சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயலை வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். முள் 0.03 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங்காக இருந்தால் பின்பக்க நட்டை இறுக்கிச் சரிசெய்ய வாய்ப்புண்டு; ஆகவே அதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லா வேகத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கியரில் மட்டும் ஒரே தாளத்தில் 'டக் டக்' என்று கேட்டால் அந்தப் பல் உடைந்திருக்கிறது. மரை வெட்டுவதற்கான செட் கியர்கள் முழுவதும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் தேடினால் ஒன்று ஒன்றாகச் செய்துதான் வாங்க வேண்டும்.

பதில் 2: உருளைத்தடி

ஐயா, கொண்டுவருவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே அளவு லேத் ஒன்றை என் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது, தரையில் பதித்திருந்த இரண்டு கல் பலகைகளுக்கு நடுவே இருந்த ஓர் அங்குல இடைவெளியில் உருளைப் பைப் இறங்கி மாட்டிக்கொண்டது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஹெட் ஸ்டாக் பக்கம் சாய ஆரம்பித்த இயந்திரத்தை என் மைத்துனர் கையால் பிடிக்கப் போனார். விடுங்கள் என்று நான் கத்தியதால் அவர் விலகிக்கொண்டார். இயந்திரம் சுவரில் மோதி நின்றது. வார்ப்பிரும்புக் கை வீல் இரண்டாக உடைந்தது, கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ வளைந்தது. அவருடைய விரல்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

லேத் என்பது தலைக்கனமான பொருள். கால் குறுகலாகவும், எடை இடுப்புக்கு மேலேயும், அதிலும் ஹெட் ஸ்டாக் பக்கமே அதிகமாகவும் இருக்கிறது. சாய ஆரம்பித்துவிட்டால் ஆள் பலத்தால் நிறுத்த முடியாது. ஆகவே சாயவே முடியாதபடி முதலில் அடியை அகலப்படுத்த வேண்டும். ஐந்துக்கு நான்கு அங்குல மரச்சட்டங்கள் இரண்டை, லேத் காலைவிட இருபுறமும் ஓரடியாவது நீட்டியிருக்கும்படி குறுக்காக வைத்து, காலில் உள்ள ஃபவுண்டேஷன் ஓட்டைகள் வழியாகப் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அவற்றுக்கு அடியில், நீளவாக்கில் இன்னும் இரண்டு சட்டங்களைப் பனிச்சறுக்குக் கட்டைபோல முனை சீவிப் பொருத்துங்கள். இந்த வேலையை விற்பவரின் பட்டறையிலேயே, வண்டியில் ஏற்றும் முன் முடித்துவிட வேண்டும். உங்கள் சந்து ஆறடிதான் என்பதால் நீட்டிய சட்டம் திரும்புமா என்று டேப் வைத்து அளந்த பிறகே சட்டத்தை அறுங்கள்.

ஏற்றும் முன் சக்குகள், டூல் போஸ்ட், மோட்டார் ஆகியவற்றைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். எடை குறையும், உடைவதும் குறையும். கிரேனில் தூக்கும்போது சிலிங் பெல்ட்டைப் பெட்டுக்கு அடியில் கொடுக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவின் மேலோ ஃபீட் ராடின் மேலோ பெல்ட் பட்டால் அது நேராக இருக்காது. படக்கூடிய இடங்களில் மரத்துண்டு கொடுத்து விலக்குங்கள். சேடிலையும் டெயில் ஸ்டாக்கையும் டெயில் பக்கம் தள்ளி வைத்து லாக் செய்தால் எடை ஓரளவு சமமாகும். முதலில் அரை அடி மட்டும் தூக்கிப் பார்த்து, சாய்ந்தால் இறக்கிப் பெல்ட்டை மாற்றிப் போடச் சொல்லுங்கள். சிறிய டாடா ஏஸ் வண்டி முக்கால் டன்னுக்கானது. அதில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைவிடப் பெரிய தோஸ்த் அல்லது பிக்கப் வண்டி பேசுங்கள். நாலு மூலையிலும் எதிரெதிராக ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டுவது அவசியம். நைலான் கயிறு வழியிலேயே தளர்ந்துவிடும்.

சந்துக்கு வந்தபிறகு அவசரமே கூடாது. ஒரே விட்டமுள்ள ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் ஆறு போதும். ஆனால் அவை ஓட வேண்டியது உங்கள் தரையின் மேல் அல்ல. இரண்டு சி சேனல்களையோ கனமான பிளைவுட்டையோ தண்டவாளம்போல விரித்து, அதன் மேல் உருட்டுங்கள். பின்பக்கத்துப் பைப் வெளியே வந்ததும் எடுத்து முன்னால் வைக்க ஓர் ஆள், கடப்பாரையால் நெம்ப ஓர் ஆள், உத்தரவு சொல்ல ஒருவர். ஒருவர் மட்டுமே. ஏற்றத்தில் தள்ளுவதைவிட இழுப்பதே நல்லது. உள்ளே பட்டறைத் தரையில் பதித்த ஆங்கர் போல்ட்டில் செயின் பிளாக்கை (கைச்சங்கிலியால் இழுக்கும் கப்பி) மாட்டி இழுத்தால், கையை எடுத்தாலும் இயந்திரம் பின்னால் ஓடாது. இறக்கப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிடுங்கள்.

படிகளுக்குச் சரிவுப்பலகை போடுவதைவிட, ஜாக்கியால் ஒரு பக்கமாக ஓர் அங்குலம் தூக்கிக் கட்டை, மறுபக்கம் ஓர் அங்குலம் தூக்கிக் கட்டை என்று அடுக்கி உயர்த்துவதே எனக்குப் பிடித்தது. அரை நாள் ஆகும், ஆகட்டும்.

பதில் 3: மின்னோட்டம்

மோட்டாரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நம் நாட்டில் 2 எச்.பி. வரையிலான மூன்று ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருகின்றன. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள். டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், பட்டைகளை மாற்றி டெல்டா ஆக்கிவிடலாம். டெல்டாவில் மோட்டாருக்கு வேண்டிய வோல்ட் குறையும்: 415ஐ 1.732ஆல் வகுத்தால் சுமார் 240. ஆகவே ஒற்றை ஃபேஸ் உள்வாங்கி மூன்று ஃபேஸ் 230 வோல்ட் தரும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு டிரைவ்) ஒன்றை வைத்து, வைண்டிங் மாற்றாமலேயே ஓட்ட முடியும். 3 எச்.பி. மோட்டாராக இருந்திருந்தால் அது பெரும்பாலும் டெல்டாவிலேயே வந்திருக்கும். அப்போது இந்த வழி இல்லை. பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய ரிவர்ஸ் ஃபார்வர்டு சுவிட்சை விடாதீர்கள். ஓட்டம் இருக்கும்போது துண்டித்தால் டிரைவ் போய்விடும். இன்னொன்று மிக முக்கியம். சக் ஸ்பிண்டிலில் மரையால் ஏறுவதாக இருந்தால், டிரைவில் திடீர் பிரேக்கோ வேகமான ரிவர்ஸோ வைத்தால் சக் கழன்று வந்துவிடும். நிற்கும் நேரத்தைச் சில வினாடிகள் நீட்டி அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்றும் பாருங்கள். வெளியாருக்குக் கூலி வேலை செய்யும் எண்ணம் வந்தால் இணைப்பின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

பவானிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் கணபதிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். சக் பக்கம் நகம் லேசாகத் தடுக்கியது; ஆனால் சேடில் கடைசிவரை ஓடியது, கொஞ்சம் இறுகியதே தவிர நிற்கவில்லை. ஸ்பிண்டில் முள் 0.02இல் நின்றது. செட் கியரில் இரண்டு இல்லை. அதைச் சொல்லி 76,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். மோட்டாரில் ஆறு முனைகளும் இருக்கின்றன. பலகையில் ஸ்டார் என்றே போட்டிருக்கிறது. சக் மரை வகைதான். சட்டங்களை ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். நிறுத்திய பிறகு லெவல் எப்படிப் பார்ப்பது?

பதில் 1: பட்டறைப் பெரியவர்

நல்ல விலைதான், தம்பி. கொத்தனாரின் ரசமட்டம் இதற்கு உதவாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பெட்டின் குறுக்கே ஹெட் பக்கம் ஒருமுறை, டெயில் பக்கம் ஒருமுறை வைத்து, இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கும்வரை ஆப்பு கொடுத்துச் சரிசெய்யுங்கள். பெட் முறுக்கிக்கொண்டு நின்றால் எவ்வளவு நல்ல லேத்தும் கூம்பாகத்தான் கடையும். பிறகு இரண்டு அங்குலத் தண்டு ஒன்றை, டெயில் ஸ்டாக் துணையில்லாமல், சக்கில் மட்டும் பிடித்து, ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு மிக மெல்லிய வெட்டாகக் கடைந்து, மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து, ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி லெவல் பாருங்கள், புதுத் தரை கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இரண்டு கியர்களின் பல் எண்ணிக்கையும் மாடியூலும் (பல்லின் அளவு) எழுதி அனுப்புங்கள், என் பட்டறையில் பழைய கியர்கள் ஒரு டிரம் நிறையக் கிடக்கின்றன, தேடிப் பார்க்கிறேன்.