கடற்கரைப் பெருநகரத்துக்குப் புதிதாகப் போகிறவர் எங்கே பொருள் வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு கடற்கரையை ஒட்டிய ஒரு பெருநகரத்தில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் பொதுவாகவே கேட்கிறேன், ஏனென்றால் இதற்கு முன் போன மூன்று கடற்கரை நகரங்களிலும் எனக்கு ஒரே அனுபவம்தான் வாய்த்தது. விடுதியை விட்டு இறங்கியதும் கடற்கரைச் சாலை, அதன் நெடுகிலும் கடைகள், எதைப் பார்த்தாலும் வாங்கத் தோன்றும். வாங்கி முடித்து, ஊர் திரும்பும் நாளில் தற்செயலாக இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனால், அதே துணிப்பை பாதி விலைக்குத் தொங்கிக்கொண்டிருக்கும்.

விலை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போன முறை அம்மாவுக்கென்று ஒரு முத்துமாலை வாங்கி வந்தேன். இரண்டே மாதத்தில் மேல்பூச்சு உரிந்து, கழுத்தில் படும் பக்கமெல்லாம் வெறும் கண்ணாடி மணியாகத் தெரிந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் மாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்த முறை அவரும் எங்களோடு வருகிறார். கடற்கரைக் கடை, பழைய கடைவீதி, பெரிய வணிக வளாகம் ஆகிய மூன்றில் எதை எதற்காக நம்பலாம், எதை வாங்கவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்தது, ஆகவே கடைக்காரர் பக்கமிருந்து சொல்கிறேன். கடற்கரைச் சாலையில் விலை கூடுதலாக இருப்பதற்கு ஏமாற்றும் எண்ணம்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். அங்கே வாடகை மிக அதிகம், வியாபாரம் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே சூடுபிடிக்கும், வருகிறவர் மறுபடி வருவார் என்ற உறுதியும் கிடையாது. மறுபடி வராத வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடையில் தரத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் குறைவு. உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கும் கடையில், இன்று சாயம் போகும் துணியைக் கொடுத்தால் நாளைக் காலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆகவே, அந்த ஊர்க்காரர்கள் எங்கே வாங்குகிறார்களோ அங்கே போய் வாங்குங்கள் என்பதே என் முதல் யோசனை.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. துறைமுகமாக வளர்ந்த பல நகரங்களில், கப்பலில் வந்த சரக்கு இறங்கிய இடத்தை ஒட்டியே கிடங்குகளும், அவற்றை ஒட்டியே மொத்த வியாபாரத் தெருக்களும் உருவாயின. பின்னாளில் புதிய துறைமுகம் வேறிடம் போனாலும் கடைவீதி அங்கேயே தங்கிவிடும். அத்தகைய வீதிகளில் ஒரே பொருளுக்கு இருபது கடைகள் அடுத்தடுத்து இருக்கும். பேரம் பேசத் தெரியாதவர்கூட நான்கு கடை ஏறி இறங்கினால் போதும், விலை தானாகவே தன் நிலைக்கு வந்துவிடும். விடுதி வரவேற்பறையில் கேட்டால் பெரும்பாலும் பயணிகளுக்கான இடத்தைத்தான் சொல்வார்கள். அறையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவிடம், “உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் துணிமணி எங்கே எடுப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வாடகை வண்டி ஓட்டுநர் தாமாகவே முன்வந்து ஒரு குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்றால், அன்போடு மறுத்துவிடுங்கள். அவருக்குக் கிடைக்கும் கமிஷன் உங்கள் ரசீதில்தான் ஏறும்.

முதல் நாளே வாங்கத் தொடங்காதீர்கள். பல நாடுகளில் அரசு நடத்தும் கைவினைப் பொருள் அங்காடிகள் இருக்கின்றன, அருங்காட்சியகங்களை ஒட்டியும் சிறு விற்பனைக் கூடங்கள் உண்டு. அங்கே ஒரே விலைதான், பேரம் இல்லை. முதல் நாள் மாலை அங்கே போய் எந்தப் பொருள் என்ன விலை, நல்ல வேலைப்பாடு கையில் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடைவீதிக்குப் போனால் உங்களை யாரும் குழப்ப முடியாது. வணிக வளாகம் உலகெங்கும் ஒன்றுபோலத்தான். நடுப்பகல் வெயிலுக்கு ஒதுங்கவும், மாற்றிக்கொள்ளும் வசதியுடன் காலணி, மின்சாதனம் போன்றவற்றை வாங்கவும் அது போதும்.

துணி வாங்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். நெய்த வேலைப்பாடு என்று சொன்னால் துணியைத் திருப்பிப் பாருங்கள்: நெசவில் வந்த கோலத்தின் நூலோட்டம் பின்புறமும் தெரியும், மேலே அச்சிட்டது என்றால் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஈரக் கைக்குட்டையை ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பட்டு என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கிப் பற்றவையுங்கள். பட்டு மயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். நூல் தர மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

இரண்டாம் பதில்

உங்கள் அம்மாவின் மாலையைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்தது. முத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மணியை முன்பல்லின் விளிம்பில் மெதுவாகத் தேய்த்தால், உண்மையான முத்து மிக நுண்ணிய மணல்போல நரநரக்கும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். துளையருகே உற்றுப் பாருங்கள். பூச்சு போட்ட மணியில் அந்த இடத்தில்தான் முதலில் தோல் உரியும். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகளே. அவையும் சிப்பிக்குள் விளைந்த உண்மையான முத்துகள்தான் என்பதால் அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் ‘கடலில் தானாக விளைந்தது’ என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். வெள்ளியில் 925 என்ற முத்திரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியையும், தங்கத்தில் 916 இருபத்திரண்டு காரட்டையும், 750 பதினெட்டு காரட்டையும் குறிக்கும். நகையைக் கடற்கரை நடைபாதையில் வாங்காமல், முத்திரையும் எடையும் எழுதிய ரசீது தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

வாங்கவே கூடாதது எது என்று கேட்டிருந்தீர்கள். ஏற்றுமதி ஆவண வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கை 1973-இல் கையெழுத்தாகி 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலாமைகள் அனைத்தும் அதன் முதல் பட்டியலில் வருகின்றன, ஆகவே அழுங்காமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல், மூக்குக் கண்ணாடிச் சட்டம் எதையும் நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துப்போக முடியாது. கல்பவளங்கள், கரும்பவளம், இராட்சதச் சிப்பிகள், 2004 முதல் கடற்குதிரைகள் ஆகியவை இரண்டாம் பட்டியலில் உள்ளன. இவற்றுக்கு அனுமதிச் சீட்டு கேட்பார்கள். கடைக்காரர் “எல்லாரும் கொண்டுபோகிறார்கள்” என்பார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், அலமாரியில் வைக்கும் அழகான பெரிய சங்குகளில் பல, கரையில் ஒதுங்கியவை அல்ல; உயிரோடு பிடித்து, உள்ளிருக்கும் சதையை எடுத்துவிட்டு மெருகேற்றியவை. மூக்கருகே கொண்டுபோனால் சில சமயம் அந்த வாடை இன்னும் இருக்கும். குழந்தைகளுக்குச் சொல்லி அதைத் தவிர்க்கச் செய்யுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மூன்றாம் பதில்

முதலில் பதிலளித்த ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் கடற்கரை வியாபாரிகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிட வேண்டாம். மணலில் துண்டை விரித்து, நம் கண் முன்னாலேயே பனையோலை பின்னுகிறவரும் நூலில் மணி கோக்கிறவரும் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு முறை ஒரு பெரியவர் என் மகளின் கை அளவைப் பார்த்து, ஓலையைக் கிழித்து, பத்து நிமிடத்தில் ஒரு சின்னக் கூடையை முடித்துக் கொடுத்தார். விளிம்பை மடித்துச் செருகியபோது அவர் விரல் நுனியில் ஓலைக் கீறல்கள் தெரிந்தன. அந்தக் கூடைக்கு நான் பேரம் பேசவில்லை. செய்கிறவரிடமே வாங்குகிறோமா, எங்கோ தொழிற்சாலையில் செய்ததை வாங்குகிறோமா என்று பார்ப்பதுதான் முக்கியம். பொருளின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் எந்த நாட்டில் செய்தது என்ற ஒட்டுச்சீட்டு பல சமயம் அங்கேயே இருக்கும்.

தேயிலை, காப்பிக்கொட்டை, மிளகு, ஏலம் போன்றவற்றை மட்டும் பயணிகளுக்கான கடையில் வாங்காதீர்கள். அங்கே கண்ணாடிச் சாடியில் எத்தனை நாள் வெயில் பட்டதோ தெரியாது. குடியிருப்புப் பகுதியின் பல்பொருள் அங்காடியில் தேதி அச்சிட்ட பொட்டலமாகவே கிடைக்கும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்லில் தேய்க்கும் வழியை அம்மாவிடம் சொன்னேன், இந்த முறை தாமே பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று பாக்கி: வெளிநாட்டில் பணம் செலுத்துவதிலும், வரியைத் திரும்பப் பெறுவதிலும் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

இரண்டாம் பதில் எழுதியவர்

உண்டு. அட்டையைச் செருகியதும், உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா என்று இயந்திரம் கேட்கலாம். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை அட்டை நிறுவனத்துக்குப் பதிலாகக் கடையின் சேவை நிறுவனம் நிர்ணயிப்பதால் பெரும்பாலும் கூடுதலாகப் போகும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பனை வரியைத் திருப்பித் தரும் நாடுகளில், அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில்தான் அது கிடைக்கும், குறைந்தபட்சத் தொகையும் இருக்கலாம். கடவுச்சீட்டைக் காட்டி, வாங்கும்போதே படிவத்தைக் கேளுங்கள், பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்த பிறகு நினைவு வந்து பயனில்லை, ஏனென்றால் சுங்க அதிகாரி பிரிக்காத பொருளையே நேரில் காட்டச் சொல்லலாம். ஆகவே அந்தப் பொருள்களையெல்லாம் ரசீதோடு ஒரே பையில் போட்டு, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். அத்தரும் எண்ணெயும் வாங்கினால் மட்டும் புட்டியின் அளவைப் பாருங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் விடமாட்டார்கள், அதைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.